புங்குடுதீவுத் தென்கரையில் ஒரு வீட்டுக் காற்றாடி: சோளகம் தருவதும் உப்பு தின்பதும்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. "வெளியில இவ்வளவு காத்து அடிக்குது, உள்ளுக்கை ஃபான் சுத்துதில்லை" என்று யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவகத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. மன்னாரில் 30 காற்றாடிகள் சேர்ந்து 103.5 மெகாவாற் கொள்ளளவோடு நிற்கின்றன. பளைப் பக்கம் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அப்படியானால் வளவுக்குள் சின்னதாக ஒன்றை நட்டால் என்ன?

நடலாம். ஆனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது காற்றாடியை. முதலில் பார்க்க வேண்டியது அது ஏறி நிற்கும் கம்பத்தையும் வளவைச் சுற்றியுள்ள பனைகளையும். இந்த ஆய்வு ஒரு மாதிரி வீட்டை வைத்து அதைக் கணக்காகக் காட்டுகிறது. தீவகத்துக் கரையோர வீடுகளின் பொது இயல்பை எடுத்து அமைத்த வீடு இது. விளைச்சல் எண்கள் கணக்கில் வந்தவை; பழுதுகள் உப்புக்காற்றில் நிற்கும் சிறு காற்றாடிகளுக்கு வழக்கமாக வருபவை.

வளவும் காற்றும்

வீடு புங்குடுதீவின் தென்கரையில், கடலிலிருந்து ஏறக்குறைய 250 மீற்றர் உள்ளே. கடல் பக்கம் தாழையும் பற்றையும்தான், காற்றை மறிக்க ஒன்றுமில்லை. வடகிழக்கே 60 மீற்றரில் ஒரு பனங்கூடல், சராசரி 15 மீற்றர் உயரம். ஒழுங்கையும் மின்சார சபையின் கம்பியும் மேற்கே.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. அது கடல் வழியாக நேரே வருகிறது. இந்த வீட்டின் காற்று மின்சாரத்தில் பெரும்பங்கு அதில்தான். கார்த்திகை முதல் மாசி வரை வாடை, வடகிழக்குக் காற்று. அது பனங்கூடலைத் தாண்டி வர வேண்டும். மரத்தின் பின்னால் காற்று குழம்பும் பகுதி, மர உயரத்தின் இருபது மடங்கு தூரம் வரை நீளும். மேலே மர உயரத்தின் இரண்டு மடங்கு வரை எழும். 15 மீற்றர்ப் பனைக்கு அது 300 மீற்றர் தூரம், 30 மீற்றர் உயரம். கம்பம் நிற்கப்போவது அந்த நிழலுக்குள். ஆகவே வாடையில் பாதி போய்விடும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களில் காற்று ஓய்ந்து கிடக்கும்.

காற்று எந்த உயரத்தில் தெளிகிறது என்பதை அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறுகிற அளவு பெரிய பட்டம் வேண்டாம், நூலை இறுக்கிப் பிடிக்கும் சாதாரணப் பட்டம் போதும். மூன்று மீற்றருக்கு ஒன்றாக நூலில் மெல்லிய துணி நாடா கட்டி ஏற்ற வேண்டும். கீழ் நாடாக்கள் திசை தெரியாமல் உதறும், சுருளும். ஓர் உயரத்துக்கு மேல் எல்லாம் ஒரே பக்கம் நீட்டி நிற்கும். காற்றாடியின் இடம் அங்கே. சோளகத்தில் ஒரு முறையும் வாடையில் ஒரு முறையும் செய்து பார்க்க வேண்டும். இது வேகத்தைச் சொல்லாது. அதற்குக் கிண்ணக் காற்றுமானியும் பதிவுக் கருவியும் 10 மீற்றர் கம்பத்தில் ஒரு வருடம் நிற்க வேண்டும். பலாலி வானிலைத் தரவை எடுத்துத் தீவகத்துக் கரைக்குப் போடுவது சரிவராது. அது வேறு நிலம், வேறு மரங்கள்.

எத்தனை அலகு?

வீட்டின் தேவை: ஒன்பது வாற் எல்.ஈ.டி. விளக்கு ஆறு, இரண்டு மின்விசிறி, நடுத்தரக் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, இணைய ரூட்டர், ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி அரை மணித்தியாலம். கூட்டினால் நாளுக்கு 3.7 அலகு. இதில் பெரிய பங்கு மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும்தான். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை மட்டும் இரண்டு அலகுக்கு மேல் போகும்.

தேர்ந்தெடுத்த காற்றாடி 2.4 மீற்றர் விட்டம், மூன்று இறகு, 48 வோல்ற். அது வீசிப் பிடிக்கும் பரப்பு 4.5 சதுர மீற்றர். காற்றின் வலு வேகத்தின் கனத்தோடு ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு. ஜெனரேற்றர், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் டயோட்டு, கம்பி இழப்பெல்லாம் கழித்துக் காற்றில் இருப்பதன் கால்பங்கு கைக்கு வரும் என்று வைத்தால் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் 80 வாற், 7 மீற்றரில் 225, 9 மீற்றரில் 480, 11 மீற்றரில் 870. பெட்டியில் "1 கிலோவாற்" என்று எழுதியிருப்பது கடைசி எண்ணுக்கு. வருடத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு எண்களுக்குள் கழியும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இதே கணக்கு உதவும். 1.3 மீற்றர் விட்டமுள்ள ஐந்து இறகுக் காற்றாடியை 2000 வாற் என்று விற்கிறார்கள். செக்கனுக்கு 12 மீற்றர் காற்றில் அந்த வட்டத்துக்குள் புகும் மொத்த வலுவே 1330 வாற். எந்தக் காற்றாடியும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது இயற்பியல் விதி. ஆக 790 வாற்றுக்கு மேல் சாத்தியமே இல்லை. விட்டத்தைக் கேட்காமல் வாற்றைக் கேட்டு வாங்குவது நிறுத்துப் பார்க்காமல் மீன் வாங்குவது மாதிரி.

சோளகத்தில் சராசரி 6 மீற்றர், பனை மறித்த வாடையில் 4 மீற்றர், இடை மாதங்களில் 3 மீற்றர் என்று கொண்டால் நாளுக்கு முறையே 5 அலகு, 1.5 அலகு, அரை அலகு. ஐந்து மாதம், நான்கு மாதம், மூன்று மாதம் என்று நிறுத்துப் பார்த்தால் வருடச் சராசரி நாளுக்கு 2.7 அலகு. யாழ்ப்பாண வெயிலில் ஒரு கிலோவாற் சூரியத் தகடு ஏறக்குறைய 4 அலகு தருகிறது, அதுவும் அசையாமல் கூரையில் கிடந்து. எனவே காற்றாடி மட்டும் என்ற திட்டம் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. ஒரு கிலோவாற் தகடு அடித்தளம், காற்றாடி அதன் துணை. துணையின் பெறுமதி நேரத்தில் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பகல் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவு மின்சாரம்தான் தட்டுப்பாடு. சோளகம் இரவிலும் வீசும். மாரி மூட்டத்தில் தகடு தூங்கும் நாட்களில் வாடையும் கொஞ்சம் கொடுக்கும்.

கம்பமும் இழுகம்பியும்

பொது விதி: 150 மீற்றர் சுற்றுக்குள் இருக்கும் எதையும்விட இறகின் அடிநுனி 9 மீற்றர் மேலே இருக்க வேண்டும். பனையைக் கணக்கில் எடுத்தால் 25 மீற்றர்க் கம்பம் வேண்டும். செலவும் ஏற்றி இறக்கும் சிரமமும் பார்த்து 18 மீற்றரில் நிறுத்தி, வாடை நட்டத்தை ஏற்றுக்கொண்டதுதான் இந்த வடிவம். ஆறு மீற்றரில், கூரை மட்டத்தில் வைப்பதோடு ஒப்பிட்டால், திறந்த கரைக் காற்றுக்கே பதினெட்டு மீற்றரில் வலு ஒன்றரை மடங்கு. மரஞ்செடி உள்ள பக்கத்துக் காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல். கூரையில் நேரடியாகப் பூட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க முடியாது. காற்றும் குழம்பும், அதிர்வு சுவரில் இறங்கி இரவு முழுக்க முனகும்.

மூன்று அங்குலக் கல்வனைஸ் குழாய், சுவர்த் தடிப்பு 4 மில்லிமீற்றர், மொத்தம் 150 கிலோ. தலையில் காற்றாடி 35 கிலோ. 8.5 மீற்றரிலும் 16 மீற்றரிலும் நான்கு பக்கம் இழுகம்பி, 8 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பி. நங்கூரங்கள் அடியிலிருந்து 9 மீற்றர் தள்ளி. மணிக்கு 144 கிலோமீற்றர் காற்றில் இறகு வட்டம் முழுதாக முகங்கொடுத்தால் தலையில் 430 கிலோ தள்ளல் வரும். குழாயில் படும் காற்றையும் சேர்த்தால் மேல் இழுகம்பி ஒரு டன்னைத் தாண்டி இழுக்கும், நங்கூரத்தை ஏறக்குறைய ஒரு டன் மேலே தூக்கும்.

தீவகத்து மண்ணில் கவனிக்க வேண்டியது இங்கேதான். ஒரு மீற்றர் நீள அகல ஆழக் கொங்கிறீற் கட்டி 2.4 டன் எடை, போதும் போலத் தெரியும். மாரியில் நிலத்தடி நீர் ஏறிக் கட்டி மூழ்கினால் அதன் பயன் எடை 1.4 டன்னாகக் குறைகிறது. சூறாவளி வருவதும் அந்த மாதங்களில்தான்: 1964 டிசம்பர், 2020 டிசம்பரில் புரெவி. அதனால் கட்டியைச் சிறிதாக்கி மிச்சம் பிடிக்கக் கூடாது. கீழே சுண்ணக்கல் ஓர் அடி இரண்டடியில் தட்டுப்பட்டால் கல்லில் துளையிட்டுக் கம்பியைச் சாந்தூற்றி இறுக்குவது கட்டியைவிட மேல். கட்டியிலிருந்து வெளிவரும் இரும்புக் கண், மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். அந்த இடத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும் தார் பூச வேண்டும்.

கம்பி முனையை மடித்துப் பூட்டும் கிளிப் ஒவ்வொரு முனையிலும் மூன்று. வளைந்த போல்ட் வெட்டுண்ட வால் பக்கமும், பல்லுள்ள சேணம் சுமை தாங்கும் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் பூட்டினால் போல்ட் சுமைக் கம்பியையே நசுக்கும். மூன்று மாதத்தின் பின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், கம்பி முதல் சுமையில் மெலிந்திருக்கும்.

கம்பம் அடியில் கீலோடு நிற்கிறது. சாய்க்கவும் நிமிர்த்தவும் 6 மீற்றர்த் துணைக்கம்பம், 1.6 டன் கைவிஞ்ச். தரையிலிருந்து எழும் முதல் நொடியில்தான் இழுவை அதிகம், 400 கிலோவுக்குக் கிட்ட. மேலே வர வரக் குறையும். நேராகும் தருணத்தில் கம்பம் தானே மறுபக்கம் விழப் பார்க்கும். அதற்குப் பின்கம்பி முன்கூட்டியே அளந்து கட்டியிருக்க வேண்டும். இரு பக்க நங்கூரங்களும் கீலின் அச்சுக்கோட்டில், கீலின் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்க நங்கூரம் ஒரு சாண் விலகினாலும் எழும்போது அந்தக் கம்பி இறுகிக் குழாயை வில்லாக வளைக்கும். உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கம்பி எங்காவது சிக்கினால் கையில் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது.

சாய்க்கும் திசை ஒழுங்கைக்கோ மின்சார சபைக் கம்பிக்கோ போகக் கூடாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்ப நீளம் வளவுக்குள் அடங்கும் இடமே சரியான இடம். பிரதேச சபைக்கு வேலை தொடங்குமுன் அறிவிப்பது பிறகு அயலோடு வரும் பிரச்சினையைக் குறைக்கும்.

கம்பி, பற்றரி, தணிசுமை

காற்றாடியிலிருந்து மூன்று கம்பிகள் இறங்குகின்றன. கம்பமும் வீடு வரையும் சேர்த்து 45 மீற்றர். 870 வாற்றில் ஒவ்வொரு கம்பியிலும் 14 அம்பியர். 10 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போட்டால் 48 வாற் வீணாகும். 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் 120 வாற். 24 வோல்ற் தொகுதி என்றால் அதே கம்பியில் இழப்பு நான்கு மடங்கு, 12 வோல்ற் என்றால் பதினாறு மடங்கு. 1990களில் சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தில் குறைந்த வோல்ற்றில் கைப்பழக்கம் உண்டு. ஆனாலும் 18 மீற்றர்க் கம்பத்துக்கு 48தான்.

பற்றரி 51.2 வோல்ற், 100 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற், 5 அலகு. ஈய அமிலப் பற்றரி மலிவு, ஆனால் இடை மாதங்களில் அரைகுறையாக ஏறிக் கிடந்தே அதன் ஈயத் தகடுகளில் சல்பேற் படியும், இங்குள்ள வெப்பம் ஆயுளை இன்னும் குறைக்கும். சூரியத் தகட்டுக்குத் தனி எம்.பீ.பீ.ரீ. கட்டுப்படுத்தி (தகட்டிலிருந்து கூடிய வலுவை எடுத்துப் பற்றரிக்கு ஏற்றும் கருவி), காற்றாடிக்குத் தனிக் கட்டுப்படுத்தி. தகட்டுக்குரியதில் காற்றாடியைக் கொடுக்கக் கூடாது. பற்றரி நிறைந்ததும் அது சுற்றைத் திறந்துவிடும். தகடு பேசாமல் இருக்கும், காற்றாடி கட்டவிழ்ந்து ஓடும். வேகம் ஏற, வோல்ற்றளவும் ஏறி, கருவி புகைந்துபோகும்.

அதனால் தணிசுமை: மிஞ்சும் மின்சாரத்தை வெப்பமாக்கித் தின்னும் தடை. 56 வோல்ற்றில் 1200 வாற் தின்ன 2.6 ஓம் வேண்டும். வழக்கமான பிழை, கடையில் 2000 வாற் நீர்ச்சூடாக்கி மூலகம் ஒன்றை வாங்கிப் பூட்டி, இரண்டு கிலோவாற் தணிசுமை இருக்கிறது என்று நம்புவது. அந்த 2000 வாற் 230 வோல்ற்றுக்கு. அதன் தடை 26 ஓம். 56 வோல்ற்றில் 120 வாற்தான் தின்னும். பத்து மூலகங்களைச் சமாந்தரமாகப் பூட்டினால்தான் 1200 வரும்.

லித்தியம் பற்றரியில் இன்னொரு பொறி. உள்ளே இருக்கும் பீ.எம்.எஸ். என்ற காப்புச் சுற்று, ஒரு கலம் மட்டும் உச்சம் தொட்டாலும் பற்றரியை முழுதாகத் துண்டிக்கும். தணிசுமை பற்றரியின் வோல்ற்றளவை மட்டும் பார்த்து இயங்கினால் அந்த நொடியில் காற்றாடிக்குச் சுமையே இல்லை. ஆகவே தணிசுமைக் கட்டுப்பாடு காற்றாடியின் வோல்ற்றளவைப் பார்க்க வேண்டும், பற்றரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். மின் வலையமைப்போடு இணைக்கும் இன்வேட்டருக்கும் இதே விதி. ஊரில் மின் போனால் பாதுகாப்புக்காக இன்வேட்டர் நின்றுவிடும், காற்று நிற்காது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது போன்ற நேரத்தில் தணிசுமை இல்லாத காற்றாடி வெறுமனே ஓடும்.

டயோட்டுக்கு முன், மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடுத்துக் குறுக்கிட்டுக் காற்றாடியை நிறுத்தும் தடை ஆளி ஒன்று கட்டாயம். காற்று தணிந்த நேரத்தில் போட்டால் காற்றாடி நின்றுவிடும். முழு வேகத்தில் போட்டால் நிற்காமல் சுருள் வெந்துபோகலாம். சூறாவளி அறிவிப்பு வந்த முதல் நாள் காலையிலேயே ஆளியைப் போட்டுக் கம்பத்தைச் சாய்த்துவிட வேண்டும். காற்று தொடங்கிய பின் சாய்ப்பது ஆபத்து.

கெடுபவை

முதல் எதிரி உப்பு. ஜெனரேற்றரின் நியோடிமியம் காந்தத்துக்கு நிக்கல் பூச்சு இருக்கும். ஊசிமுனை அளவு கீறல் போதும், உள்ளே துரு ஊறி, காந்தம் வீங்கி, மேலிருக்கும் ரெசினை வெடிக்கவைத்துச் சுருளில் உரசும். தரையில் நின்று கேட்டால் சீராக, ஒரு சுற்றுக்கு ஒரு முறை "சர்" என்று உராயும் ஒலி. கேட்டதும் இறக்கினால் காந்தத்தட்டு மட்டும் மாற்றலாம். ஒரு வாரம் விட்டால் சுருளும் போகும்.

காற்றுத்திசைக்குத் திரும்பும் கழுத்தில் மின்னைக் கடத்தும் வழுக்கு வளையங்கள் பச்சை பிடிக்கும். மூன்றில் ஒன்று விட்டுவிட்டால் காற்றாடி முனகிக்கொண்டு நடுங்கும், மின்சாரம் பாதியாகும். கீழே மூன்று கம்பிகளையும் கழற்றி இரண்டிரண்டாக ஓம் பார்த்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அளவு ஏறி ஒன்று மட்டும் சரியாக இருந்தால், ஏறிய இரண்டுக்கும் பொதுவான கம்பிதான் பழுது. வளையமே வேண்டாம், கம்பியைக் குழாய்க்குள் நேரே தொங்கவிட்டு, முறுகினால் கீழே பிளக்கைக் கழற்றி அவிழ்த்துவிடலாம் என்பது எளிய மாற்று. இந்த வீட்டுக்கு அதுவே தேர்வு.

காற்று நன்றாக அடிக்கிறது, காற்றாடி மட்டும் சோம்பேறியாகச் சுற்றுகிறது என்றால் இறகைச் சந்தேகிக்க வேண்டாம். தடை ஆளி போட்டபடி இருக்கலாம், இரண்டு கம்பிகள் எங்காவது ஒட்டியிருக்கலாம், அல்லது டயோட்டு குறுக்கிட்டிருக்கலாம். டயோட்டுப் பெட்டியிலிருந்து கம்பிகளைக் கழற்றியதும் பறக்கத் தொடங்கினால் பழுது பெட்டிக்குள். பறந்தவுடன் தடை ஆளியைப் போட மறக்கக் கூடாது.

பலத்த காற்றில் காற்றாடியைப் பக்கவாட்டில் ஒதுக்கும் வால் கீல், உப்பும் உலர்ந்த கிறீசும் சேர்ந்து இறுகிவிடும். இறுகினால் ஒதுங்காது, ஒதுங்காவிட்டால் சுருள் எரியும். "காற்று கூடினால் இன்னும் மின்சாரம் வரட்டும்" என்று வாலில் எடை கட்டுவதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும்.

இறகின் முன்விளிம்பை மணலும் உப்பும் தின்னும். ஒரு நுனியில் 20 கிராம் குறைந்தால், நிமிடத்துக்கு 480 சுற்றில் அந்தச் சமமின்மை 6 கிலோ இழுவையாகக் கம்பத் தலையை ஒவ்வொரு சுற்றிலும் உலுப்பும். இறக்கி வைத்து, கம்பிகளைப் பிரித்துவிட்டு இறகைக் கையால் தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இறகு கீழே வந்து நின்றால் அது கனம். மற்றதில் ஈயத்துண்டு வைத்துச் சமன் செய்யலாம். விளிம்புக்குப் பொலியூரிதேன் நாடா.

சித்திரை, ஐப்பசி இடிமின்னல் மாதங்கள். மெல்லிய மண், கீழே கல் என்ற இடத்தில் ஒரு நிலத்தொடுப்புக் கம்பி போதாது. மூன்று கம்பிகளைச் சில மீற்றர் இடைவெளியில் அடித்து ஒன்றாக இணைத்துக் கம்ப அடியோடு பூட்ட வேண்டும். வீட்டு நுழைவில் மின்னெழுச்சிக் காப்பு. தை மாதத்தில் அறுந்த பட்டத்தின் நைலோன் நூல் தாங்கிப் பகுதியில் சுற்றிக்கொள்ளும், அதையும் பார்க்க வேண்டும். இழுகம்பி அடியில் ஆடு மாடு உரசாமல் சிறு வேலி.

வருடத்துக்கு இரு முறை கம்பத்தைச் சாய்ப்பது: சித்திரையில், சோளகத்துக்கு முன்; ஐப்பசியில், வாடைக்கு முன். காற்று ஓய்ந்த மாதங்கள் என்பதால் மின் நட்டமும் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, கீலுக்குக் கிறீஸ், போல்ட்டுகளைத் திருப்பிப் பார்த்து, துருப்பிடித்த கிளிப்பை மாற்றினால் ஒரு பகல் வேலை, மூன்று பேர்.

இதே காற்றாடியைச் சுன்னாகத்திலோ கோப்பாயிலோ, பனைக்கும் மாமரத்துக்கும் நடுவே உள்ள வளவில் வைத்தால் சோளகத்திலும் சராசரி 3.5 மீற்றரைத் தாண்டுவது கடினம். அந்த வேகத்தில் நாளுக்கு ஒரு அலகு. அங்கே கம்பத்துக்கும் நங்கூரத்துக்கும் போகும் காசுக்கு இன்னும் இரண்டு தகடும் இன்னொரு பற்றரியும் வாங்குவதே புத்தி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு வேறு கதை. அங்கே மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாற் காற்று, 1700 கிலோவாற் சூரியன், 2400 கிலோவாற் மணி பற்றரி, துணைக்கு டீசல் என்ற திட்டத்துக்கு 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதிலும் சூரியன் காற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டுக்கும் சூரியனை முன்வைத்தே தொடங்கலாம்: முதலில் தகடு, பற்றரி, ஒரு வருடக் காற்று அளவு கையில் வந்த பின் கம்பத்துக்குக் குழி.